எட்டாவது வீட்டு மூடி

தசரதன் தண்ணீர் லாரி ஓட்டத் தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் செங்கல் லாரி, அதற்கும் முன்னால் மணல் லாரி. இருப்பதிலேயே நிம்மதியான சரக்கு தண்ணீர்தான் என்று அவர் சொல்வார். மணல் என்றால் வழியெல்லாம் மறிப்பார்கள். செங்கல் உடைந்தால் ஏச்சு விழும். தண்ணீர் லாரிக்கு எல்லோரும் வழிவிடுவார்கள். தெருமுனையில் திரும்பும்போதே பெண்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். நாற்பத்தெட்டு வயதில், காது பக்கம் நரைத்து, இடது முழங்கால் லேசாக மடங்க மறுக்கும் ஒரு ஆளுக்காக வேறு எந்த வேலையில் இத்தனை பேர் காத்திருப்பார்கள்?

வெள்ளானூர்ப் பக்கம் ஒரு விவசாயக் கிணற்றில் பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடித்துக்கொண்டு, செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு அண்ணனூரில் ஒரு குறுக்குத் தெருவுக்குப் போவார். ரயில் பெட்டிகள் நிற்கும் கார் ஷெட்டின் மதிலை ஒட்டிய தெரு அது. குழாய்த் தண்ணீர் இன்னும் வரவில்லை. ஒரு லோடை ஒன்பது வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தரைக்கடியில் ஒரு தொட்டி. சம்ப்பு என்பார்கள். அதன் வாய்க்கு இரண்டடிச் சதுரத்தில் ஒரு மூடி. சிலர் வீட்டில் இரும்புத் தகடு, சிலர் வீட்டில் கைப்பிடி வைத்த சிமெண்டுப் பலகை. மூடியைத் திறந்தால்தான் ஹோஸை உள்ளே விட முடியும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு தசரதன் ஒரு சட்டம் போட்டார். அப்போதெல்லாம் ஹோஸ் வாசலுக்கு வந்த பிறகுதான் கடப்பாரையைத் தேடுவார்கள். பக்கத்து வீட்டு ஆண்பிள்ளையைக் கூப்பிடுவார்கள். ஒரு லோடு இறக்க ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். லாரி முதலாளி தேவராஜ் போனில் கத்துவார். ஒருநாள் தசரதன் தெரு நடுவில் நின்று சொன்னார்: "இதோ பாருங்கம்மா, முனைல ஹாரன் அடிப்பேன். அடிச்சவொடனே அவங்கவங்க மூடியத் தொறந்து வெச்சிரணும். ஹோஸ் வரும்போது மூடி தொறந்து இல்லன்னா அடுத்த ஊட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். அப்பால அண்ணாத்தே நொண்ணாத்தேன்னு கூப்புடக் கூடாது."

யாரும் எதிர்க்கவில்லை. முதல் வீட்டுக் கமலம் மட்டும், "பெரிய கலெக்டரு, உத்தரவு போட்டுட்டாரு," என்று சிரித்தாள். அடுத்த வாரத்திலிருந்து ஹாரன் அடித்ததும் தெரு முழுக்கப் பலகைகள் இழுபடும் சத்தம் கேட்கும். முக்கால் மணி நேரத்தில், சற்று முன்பின்னாக, வேலை முடிந்தது. தேவராஜ் மற்ற டிரைவர்களிடம் அவரை உதாரணம் காட்டினார்.

எட்டாவது வீடு ஜெர்வினுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. வீட்டில் அவன் அம்மா ஆரோக்கியம்மாள், மனைவி ரியா, இரண்டே கால் வயது மகன் ஆன்சன். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஹோஸோடு போனபோது அந்த வீட்டு மூடி திறந்திருக்கவில்லை. ரியா சோற்றுக் கையோடு ஓடிவந்தாள். "அண்ணா, ஒரே நிமிஷம். குழந்தைக்கு ஊட்டிகினு இருந்தேன். இதோ தொறந்துர்றேன்."

"ரூல்னா எல்லாருக்கும் ரூலுதாம்மா," என்று தசரதன் ஒன்பதாவது வீட்டுக்கு ஹோஸை இழுத்துக்கொண்டு போனார். மிச்சத் தண்ணீர் முழுவதும் அங்கே இறங்கியது. மாமியார் உள்ளிருந்து மருமகளைத் திட்டியது தெருவுக்கே கேட்டது.

அடுத்த செவ்வாய், அவர் ஹாரன் அடித்ததும் தெருவில் முதலில் திறந்தது எட்டாவது வீட்டு மூடி. முனையிலிருந்தே அதைப் பார்த்தார். பாடம் கற்றுக்கொண்டாள் என்று நினைத்தார். அந்த நினைப்பில் கொஞ்சம் திருப்தியும் இருந்தது. பிறகு இதை அவர் பலமுறை தனக்குள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்கு மூன்றாவது செவ்வாய். ஆறாவது வீட்டில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தபோது ரியாவின் குரல் கேட்டது. முதலில் "ஆன்சன், ஆன்சன்" என்று கூப்பிட்டாள். பிறகு அது கூப்பிடுவதாக இல்லை.

தசரதன் ஹோஸைப் போட்டுவிட்டு ஓடினார். சம்ப்பு வாயருகே ஒரு பிளாஸ்டிக் கார் கவிழ்ந்து கிடந்தது. அவர் குதித்தார். உள்ளே இடுப்பளவுத் தண்ணீர் இருந்தது. இருட்டு. கையால் துழாவியதில் ஒரு கால் அகப்பட்டது. தூக்கி மேலே கொடுத்துவிட்டு, விளிம்பைப் பிடித்து ஏறி, பிள்ளையைத் திரும்ப வாங்கினார். இரண்டு கணுக்கால்களையும் பற்றித் தலைகீழாகத் தூக்கிச் சுற்றினார். அவர் சிறு வயதில் பாலாற்றுப் பள்ளத்தில் விழுந்த பையன்களுக்கு அப்படித்தான் செய்வார்கள். பிள்ளையின் வாயிலிருந்து தண்ணீர் வந்தது. "வருது, வருது, சுத்து அண்ணாத்தே" என்று தெரு கத்தியது. தோள் விட்டுப்போகும்வரை சுற்றினார். பிறகு ஆட்டோ. ஆஸ்பத்திரியில் மருத்துவர் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டார். யாராலும் சொல்ல முடியவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் தசரதனின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் லாரி அண்ணன்தான் யோசிக்காமல் குதித்தார் என்றார்கள். ரியாவின் கையை யாரும் பிடித்துப் பேசவில்லை. போன் பார்த்துக்கொண்டிருந்தாளாம் என்று முதலில் யார் சொன்னது என்று தெரியாது. மாலைக்குள் அதுவே நடந்ததாகிவிட்டது. போலீஸ்காரர் எழுதியதும் கவனக்குறைவு என்றுதான். தசரதன் குதித்தபோது ரியாவின் கையில் போன் இல்லை. கரண்டி இருந்தது. பொங்கி வழிந்த உலையை இறக்கப் போயிருக்கிறாள். தசரதன் இதைப் பார்த்திருந்தார். சொல்லவில்லை. அதைச் சொன்னால், மூடியை ஏன் அவ்வளவு முன்னால் திறந்து வைத்தாள் என்ற அடுத்த கேள்வி வரும்.

ஏப்ரல் மாதம் வெள்ளானூர்க் கிணற்றடிக்கு ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கொசுப்புழு பார்க்க வருபவர்கள் வைத்திருக்கும் நீள நோட்டு.

"தசரதன் அண்ணா நீங்கதானே?"

"நான்தான். இன்னா மேடம், கொசுவா? ஓடுற லாரில கொசு இன்னா பண்ணும், டிக்கெட் எடுத்துகினு வருமா?"

அவள் சிரித்தாள். "கொசு வேலைதான்ணா எனக்கு. ஹெலினா. சுகாதார நிலையத்துல கான்ட்ராக்ட். ஆனா இன்னிக்கு அதுக்கு வரல."

"இன்னா படிச்சுக்கீறே?"

"பி.எஸ்சி. புள்ளியியல்."

"அது இன்னா?"

"எண்ணுறதுண்ணா."

"எண்ணுறதுக்கு ஒரு படிப்பா?"

"எங்கப்பாவும் அதான் கேக்குறாரு. அவரு பெயிண்டரு. எங்க வீட்ல நான்தான் முதல்ல காலேஜ் போனது. படிச்சு சம்ப்பு மூடிய எண்ணுறியான்னு கிண்டல் பண்ணுவாரு. அது சரிதானோன்னு எனக்கும் சில நாள் தோணும்."

பிறகு சொன்னாள். அவர்கள் எல்லைக்குள் ஐந்து வருடத்தில் நாலு வயதுக்குக் கீழே ஏழு குழந்தைகள் தண்ணீரில் செத்திருக்கின்றன. சம்ப்பில், பக்கெட்டில், வீட்டுக்குப் பின்னால் தோண்டிப் போட்ட பள்ளத்தில். ஏழும் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆறு குழந்தைகள் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள். "காய்ச்சல்ல ஒரு குழந்தை போனா எங்க ரிஜிஸ்டர்ல ஏறும். மறுநாளே மருந்து அடிக்க ஆள் வரும். தண்ணியில போனா போலீஸ் ஸ்டேஷன், கல்லறை, அதோட சரி. இந்த ஏழு பேரையும் நானே தேடித் தேடி எழுதினேன். யாரும் என்னைக் கேக்கல."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

"வாரா வாரம் அந்தத் தெருவுல மூடியப் பாக்குறோம்ணா, புழு இருக்கான்னு. நாலு வருஷ நோட்டையும் எடுத்துப் பாத்தேன். ஒன்பது வீட்லயும் மூடி எப்பவுமே மூடித்தான் இருக்கு. அப்போ ஆன்சன் எப்படி விழுந்தான்?"

"பெத்தவளைக் கேளு."

"அவங்கள எல்லாரும் கேட்டாச்சு. நாங்க போறது பதினொன்றரைக்கு மேல. நீங்க வர்றது பத்து மணிக்கு. அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க ஹாரன் அடிக்கிறதுக்கும் எட்டாவது வீட்டுக்கு ஹோஸ் போறதுக்கும் எவ்ளோ நேரம் ஆகும்?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தசரதன் தொட்டியின் மேல்வாயைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் இருக்கும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். இன்னா, என் மேல கேஸ் போடப் போறியா?"

"யார் தப்புன்னு எழுத இந்த நோட்டுல கட்டமே இல்லண்ணா," என்றாள் ஹெலினா. "டெங்கு வந்தா அந்தக் கொசுவைப் பெத்தது யாருன்னா கேக்குறோம்? தண்ணி எங்க நிக்குது, எத்தனை நாளா நிக்குதுன்னு பாக்குறோம். அவ்ளோதான்." பத்து என்று எழுதிக்கொண்டாள். பிறகு, பிள்ளையை எடுத்ததும் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத் தசரதன் நிமிர்ந்து பதில் சொன்னார். தலைகீழாகப் பிடித்தது, சுற்றியது, தண்ணீர் வந்தது எல்லாவற்றையும். பேனா ஒரு கணம் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், நன்றி சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

அந்த வெள்ளிக்கிழமை தசரதன் முனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனில் நேரம் அளக்கும் கடிகாரத்தைத் தட்டினார். எட்டாவது வீட்டைக் கடக்கும்போது பார்த்தார். அங்கே இப்போது தண்ணீர் வாங்குவதில்லை. மூடியின்மேல் ஜெர்வின் அம்மிக்கல் ஒன்றைத் தூக்கி வைத்திருந்தான். போனில் நாற்பத்து மூன்று நிமிடம். செவ்வாய்க்கிழமை மறுபடி பார்த்தார். நாற்பத்தொன்று. அதற்கடுத்து வெள்ளி, நாற்பத்து மூன்று. அத்தனை நேரமும் தெருவில் எட்டு வாய்கள் திறந்து கிடந்தன. மூன்று வருடமாக வாரம் இரண்டு முறை அப்படித்தான் கிடந்திருக்கின்றன. அவர் கண்ணுக்கு அது ஒழுங்காகத் தெரிந்திருந்தது.

மே மாதம் ஒரு ஞாயிறு மாலை அங்கன்வாடி அறையில் தெருக்காரர்களை ஹெலினா கூட்டினாள். தண்ணீர் லாரிக்காரரும் வரவேண்டும் என்று இரண்டு முறை போன் செய்தாள். வராமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று தசரதன் வந்தார். உள்ளே போனதும் "வாண்ணா, இப்டி உக்காரு" என்று முன்வரிசையில் இடம் விட்டார்கள். குழந்தையைக் காப்பாற்றக் குதித்தவர் அல்லவா. ரியா கடைசியில் சுவரோரம் இருந்தாள். பக்கத்தில் ஆரோக்கியம்மாள்.

ஹெலினா பலகையில் படம் போட்டாள். மூடியின் ஓரத்தில் நாலங்குல ஓட்டை, அதில் ஒரு துண்டுக் குழாய், அதற்கொரு திருகு மூடி. ஹோஸை அதில் செருகினால் போதும், பலகையைத் திறக்கவே வேண்டாம். வாய்க்குள் ஒரு கம்பி வலை. லாரி வரும் இரண்டு காலையும் சின்னப் பிள்ளைகளை இதே அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அவளுக்கு நடுவில் வார்த்தை தடுமாறியது. நோட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். யாரோ, குழாய்க்கு யார் காசு கொடுப்பது என்றார்கள். மற்றவர்கள் பாக்கலாம் என்றார்கள்.

பிறகு பையிலிருந்து ஒரு ரப்பர் பொம்மையை எடுத்து மேசைமேல் கிடத்தினாள். குழந்தை அளவு பொம்மை.

"தண்ணியில இருந்து எடுத்த பிள்ளை மூச்சு விடலன்னா முதல்ல அஞ்சு தடவை வாயோட வாய் வெச்சு மூச்சு குடுக்கணும். அப்புறம் நெஞ்சு நடுவுல இப்படி, முப்பது தடவை அழுத்தணும். மறுபடி ரெண்டு மூச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடக் கூடாது." செய்து காட்டினாள். "தலைகீழாப் புடிச்சு சுத்தக் கூடாது. அதுல வயித்துல இருக்கிற தண்ணிதான் வரும். பிள்ளைக்கு வேண்டியது காத்து. சுத்துற நேரமெல்லாம் காத்து இல்லாத நேரம்."

இதைச் சொல்லும்போது அவள் தசரதனைப் பார்க்கவில்லை. அறையில் மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

அவருக்கு அந்த இரண்டு மாதத்தில் மிஞ்சியிருந்தது ஒன்றுதான். ஹாரன் விஷயம் எப்படியோ போகட்டும், கடைசியில் என்னால் ஆனதைச் செய்தேன். தினமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டார், லாரியில் ஏறினார். இப்போது அதுவும் இல்லை. உட்கார்ந்த இடத்தில் கை இரண்டும் கனத்தன. அந்தக் கணுக்கால்கள் எவ்வளவு சின்னதாக இருந்தன என்பது உள்ளங்கையில் இருந்தது.

கமலம் பேச்சை மாற்ற நினைத்தாளோ என்னவோ, "இதெல்லாம் சரி பாப்பா," என்றாள். "பெத்தவ போனைப் பாத்துகினு ஒக்காந்தா, நீ எத்தினி ஓட்டை போட்டு இன்னா ஆவறது?"

"நல்லாக் கேளு," என்றாள் ஆரோக்கியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டே. "அஞ்சு நிமிசம். பெத்த புள்ளைய அஞ்சு நிமிசம் பாத்துக்க முடியல இவளால."

ரியா தலையைத் தூக்கவில்லை. இது அவள் கேட்டுப் பழகிய கணக்கு போலிருந்தது.

ஹெலினா நோட்டைப் புரட்டினாள். "அஞ்சு இல்லம்மா. பத்து நிமிஷம்னு டிரைவர் அண்ணா..."

"பத்து இல்ல," என்றார் தசரதன்.

எழுந்து நின்றார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பொய் சொன்னேன். நாப்பத்தி மூணு நிமிசம். போன்ல போட்டுப் பாத்துகீறேன், மூணு தபா. முனைல ஹாரன் அடிச்சதுலேந்து எட்டாவது ஊட்டுக்குப் போற வரைக்கும் நாப்பத்தி மூணு. அம்மாம் நேரமும் மூடி தொறந்துதான் இருக்கணும்னு சொன்னவன் நான். அதுக்கு முன்ன ஒரு நாள் இந்தப் பொண்ணு மூடியத் தொறக்கல. புள்ளைக்கு சோறு ஊட்டிகினு இருந்துச்சு. நான் தண்ணி வுடாம போய்ட்டேன். அதனாலதான் அது தொறந்து வெச்சிது. போனு கீனு ஒண்ணும் இல்ல. கைல கரண்டி இருந்துச்சு. நான் பாத்தேன்."

யாரோ "அடப்பாவி" என்றார்கள். கமலம், "நீ சொன்னா நாங்கதானய்யா தொறந்தோம், நீயா வந்து தொறந்தே?" என்று முனகினாள். அவள் வீட்டிலும் ஒரு பேத்தி, ஒன்றரை வயது.

ரியா எழுந்து முன்னால் வந்தாள். இரண்டு மாதத்தில் மிகவும் மெலிந்திருந்தாள்.

"எத்தினி நிமிசம் சொன்னீங்கண்ணா?"

"நாப்பத்தி மூணும்மா."

அவள் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். "கேட்டீங்களா அத்தை? நாப்பத்தி மூணு."

ஆரோக்கியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரியா மறுபடி தசரதனிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"நீங்க சுத்துனப்போ அவனுக்கு உசுரு இருந்துச்சா?"

தசரதன் ஹெலினாவைப் பார்த்தார். எண்ணுகிற படிப்புப் படித்தவள் ஏதாவது சொல்வாள் என்று. ஹெலினா தெரியாது என்று தலையை ஆட்டினாள்.

"தெரியலம்மா," என்றார் தசரதன். "நான் பாக்கல. சுத்துனேன்."

ரியா மேசையிலிருந்த பொம்மையின் சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்துவிட்டு வெளியே போனாள்.

அடுத்த செவ்வாயிலிருந்து அவர் ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜின் சத்தம் கேட்டே மூடிகளைத் திறந்தார்கள். லாரியை முனையில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு வாசலாக நடந்து மூடினார். ஹோஸ் வந்த பிறகு திறந்தால் போதும் என்றார். சிலர் கேட்டார்கள். சிலர், "முன்ன ஒரு பேச்சு, இப்போ ஒரு பேச்சா?" என்றார்கள். லோடு இறக்க மறுபடி ஒன்றரை மணி நேரம் ஆனது. மூன்றாவது வாரம் தேவராஜ் கிணற்றடிக்கே வந்தார்.

"யோவ் தசரதா, உன் மனசு கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அடுத்த தெருக்காரன் தண்ணி இல்லாம என்னைத் திட்றான்யா. நீ அம்பத்தூர் அபார்ட்மென்ட் ரூட் போ. பெரிய சம்ப்பு, ஒரே ஹோஸ், கூட்டம் கெடையாது. அண்ணனூருக்கு வேற ஆளு போட்டுக்கறேன்."

"ஹாரன் அடிக்க வேணாம்னு மட்டும் அவன்ட்ட சொல்லு மொதலாளி."

"சொல்றேன், சொல்றேன்."

ஜூன் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் தசரதன் அம்பத்தூரில் ஒரு குடியிருப்பின் கேட் உள்ளே ஹோஸை மாட்டிவிட்டு நின்றிருந்தார். பூட்டு போட்ட இரும்பு மூடி. காவலாளிதான் சாவியோடு வந்து திறந்தார், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மணி பத்து ஆனது. பத்தே கால் ஆனது. போனை எடுத்து ஹெலினாவைக் கூப்பிட்டார்.

"பாப்பா, எங்க கீறே?"

"அண்ணனூர்லதான்ணா. தெருவுலயே நிக்கிறேன். கொசு நோட்டை இன்னிக்கு முன்னாடியே எடுத்துட்டு வந்துட்டேன்."

"ஹாரன் அடிச்சானா?"

"அடிச்சாரு."

"எத்தினி தொறந்துகீது?"

அவள் நடந்து எண்ணுவது கேட்டது. "ஆறு. கமலம் அக்கா குழாய் வெச்சுட்டாங்க. அஞ்சாவது வீட்லயும் வெச்சுட்டாங்க. மீதி அப்படியேதான்."

"புள்ளைங்க?"

"வெளியில ரெண்டு. ஒண்ணு நடக்குது, ஒண்ணு தவழுது. அங்கன்வாடில விடச் சொன்னேன், இதோ இதோன்னு சொல்றாங்க. நான் ஒருத்திதான்ணா இருக்கேன். எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு தெரியல."

"தவழுறது எந்த ஊடு?"

"மூணாவது."

"அங்க நில்லு. ஹோஸ் இப்போ எங்க?"

"ரெண்டாவதுல."

தசரதன் மணிக்கட்டைப் பார்த்தார். இன்னும் அரை மணிக்கு மேல் ஆகும். காவலாளி, "அண்ணாத்தே, தண்ணி நெறைஞ்சு வழியப் போவுது, பாரு," என்றார். தசரதன் கையைக் காட்டி அவரையே வால்வை மூடச் சொன்னார். போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"போனை வெக்காதே பாப்பா," என்றார். "கடைசி மூடிய மூடுற வரைக்கும் வெக்காதே. நடக்குற புள்ள எங்க போவுதுன்னு சொல்லிகினே இரு."